1954 காட்ஸில்லாவை முதல்முறை பார்க்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: "காட்ஸில்லா, காங் படங்களையெல்லாம் தமிழ் டப்பிங்கில் பார்த்திருக்கிறேன். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' பார்த்த பிறகு 1954இல் வந்த முதல் படத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் கறுப்பு வெள்ளை, ரப்பர் உடை மாட்டிய ஆள், எழுபது வருடப் பழசு. இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வராதா? எந்தப் பதிப்பைப் பார்ப்பது? முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் தானாகத் தெளிந்துவிடும். ஆமாம், தெரிந்திருக்க வேண்டும். கதையைப் பற்றி ஒன்றும் வேண்டாம். இரண்டு தேதிகள் போதும்.

முதலாவது, 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் பி-29 விமானங்கள் சுமார் 300 டோக்கியோ மேல் பறந்து தீக்குண்டுகளைப் போட்டன. மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகள். விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் செத்துப்போனார்கள். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அதற்கு ஐந்து மாதம் கழித்து. ஆக, 1954 நவம்பர் 3ஆம் தேதி இந்தப் படம் வெளியானபோது டோக்கியோவில் தியேட்டருக்குப் போன பெரியவர்களில் பலர் தங்கள் ஊர் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். இடையில் கழிந்தது ஒன்பதரை வருடம்தான்.

இரண்டாவது தேதி, 1954 மார்ச் 1. பசிபிக்கில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 15 மெகாடன், கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிய வெடிப்பு. எச்சரித்திருந்த எல்லைக்கு வெளியே 'டைகோ ஃபுகுர்யு மாரு' என்ற ஜப்பானியச் சூரைமீன் படகு இருந்தது. மேற்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது, பிறகு சத்தம் வந்தது, சில மணி நேரம் கழித்து வெள்ளைச் சாம்பல் மழைபோல் படகின் மேல் விழுந்தது. தூளாகிப்போன பவளப்பாறை அது. 23 பேரும் கதிரியக்க நோயோடு யாய்ஸு துறைமுகம் திரும்பினார்கள். படகின் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார். ஜப்பான் முழுக்க மீன் சந்தைகளில் பயம் பரவியது, பிடித்துவந்த சூரைமீன்களைக் கொண்டுபோய் அழித்தார்கள். குபோயாமா இறந்த ஆறு வாரத்துக்குள் காட்ஸில்லா தியேட்டருக்கு வந்துவிட்டது.

இப்போது படத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். சாயங்கால நேரம், ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிதார் வாசிக்கிறார். திடீரென்று கடல் வெளிச்சமாகிறது. எல்லோரும் எழுந்து ஓரத்துக்கு ஓடுகிறார்கள். கப்பல் தீப்பிடிக்கிறது. உள்ளே ரேடியோ அறையில் ஒருவர் உதவி கேட்டுத் தந்தி அடித்துக்கொண்டே இருக்கிறார், தண்ணீர் உள்ளே புகும் வரைக்கும். பிராணியைக் காட்டவே இல்லை. நாம் இதை ஒரு மர்மமான தொடக்கமாகத்தான் பார்ப்போம். 1954இல் பார்த்தவர்களுக்கு அது போன மாதச் செய்தித்தாள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இந்தப் பதிலை எழுதுகிறேன். இது ராட்சதப் பிராணிப் படமாக எடுக்கப்பட்டது, உண்மைதான். தயாரிப்பாளர் டோமோயுகி தனகாவும் தோஹோ நிறுவனமும் லாபத்துக்காகத்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட படங்கள் ஓடியதையும் கவனித்துத்தான் எடுத்தார்கள். ஆனால் இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. பல வருடம் ராணுவத்தில் கழித்து, சீனாவில் போர்க்கைதியாக இருந்து, 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். பிராணி நகரத்தை உடைப்பதைவிட, உடைந்த நகரத்தில் ஜனங்கள் என்ன ஆனார்கள் என்பதில்தான் அவர் கண் இருக்கிறது. நீங்கள் காட்ஸில்லாவை எதிர்பார்த்துக் காத்திருந்தால் படம் மெதுவாகத் தெரியும். மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது எப்போது வருமோ என்ற பயம் உங்களுக்கே வந்துவிடும்.

சரி, எந்தப் பதிப்பு? ஜப்பானிய மூலம், 96 நிமிடம், சப்டைட்டிலோடு. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை ஒரு அமெரிக்க நிருபராக வைத்துப் புதுக் காட்சிகள் எடுத்து நடுநடுவே ஒட்டினார்கள். 80 நிமிடம் ஓடும் அந்தப் பதிப்புதான் ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளுக்குப் போனது. மூலப்படம் அமெரிக்கத் தியேட்டர்களில் பரவலாக வந்ததே 2004இல்தான், ஐம்பது வருடம் கழித்து. வெட்டுப்பட்டதில் எதெல்லாம் போனது என்று பார்த்தால் விஷயம் புரியும். அணுகுண்டைப் பற்றிச் சாதாரண ஜனங்கள் பேசுகிற இடங்கள், நாடாளுமன்றத்தில் நடக்கிற சண்டை, விஞ்ஞானியின் கடைசி எச்சரிக்கை. மிஞ்சியது ஒரு பிராணிப் படம். அதையே பார்த்து வளர்ந்த பலர் 'குழந்தைகள் படம்' என்று முடிவு கட்டியது அவர்கள் குற்றமில்லை.

அந்த நாடாளுமன்றக் காட்சி இரண்டே நிமிடம்தான், ஆனால் தவறவிடக் கூடாதது. விஞ்ஞானி யமானே, இந்தப் பிராணி கடலுக்கடியில் வாழ்ந்தது, ஹைட்ரஜன் குண்டுச் சோதனைதான் அதை வெளியே துரத்தியிருக்கிறது என்று அறிக்கை கொடுக்கிறார். காலடித் தடத்தில் எடுத்த மண்ணில், அணு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 இருக்கிறது. உடனே ஒரு உறுப்பினர் எழுந்து, இதை வெளியில் சொல்லக் கூடாது, வெளிநாட்டு உறவு கெட்டுவிடும், ஜனங்கள் கலவரப்படுவார்கள் என்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் உறுப்பினர்கள் கொதித்துப்போகிறார்கள். உண்மை உண்மைதான், சொல்லியே ஆக வேண்டும் என்று ஒருவர் கத்துகிறார். சபையே கூச்சலில் முடிகிறது. எந்த நாட்டோடு உறவு கெடும் என்று யாரும் பெயர் சொல்வதில்லை. படம் முழுக்கவே அமெரிக்காவின் பெயர் அடிபடாது. ஜப்பானை அமெரிக்கா ஆக்கிரமித்திருந்த காலம் 1952 ஏப்ரலில்தான் முடிந்திருந்தது. அதுவரைக்கும் அணுகுண்டைப் பற்றி எழுதவும் படம் எடுக்கவும் தணிக்கை இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு வணிகப் படத்துக்குள் இந்த வாக்குவாதத்தை வைக்கத் துணிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இன்னொரு சின்ன இடம். ரயிலில் போகிற மூன்று பேர் செய்தித்தாள் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். கதிரியக்கச் சூரைமீன், கதிரியக்க மழை, இப்போது காட்ஸில்லா வேறு என்று ஒரு பெண் அலுத்துக்கொள்கிறார். நாகசாகியில் எப்படியோ தப்பித்து வந்தோம் என்கிறார். மறுபடியும் ஊரைக் காலி செய்ய வேண்டுமா, போதும் என்கிறார் கூட இருப்பவர். அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடும். பஸ்ஸில் விலைவாசியைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் பேசுகிறார்கள். இவர்கள் யார், அப்புறம் என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இனி சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

உடைக்குள் ஆள் இருப்பது தெரியும். சில இடங்களில் பொம்மை வண்டி பொம்மை வண்டியாகவே தெரியும். போர் விமானங்கள் விடும் ராக்கெட்டுகள் கம்பியில் ஓடுவதும் தெரியும். முதலில் தீவில் மலைக்கு மேலே தலை நீட்டும் காட்சியில் அந்தக் கண்கள் கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும். அங்கே சிரித்தால் தப்பில்லை. ஆனால் டோக்கியோவுக்குள் இரவில் அது வந்த பிறகு நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் வேலை செய்த விதம்.

சிறப்புக் காட்சிகளைச் செய்தவர் எய்ஜி சுபுராயா. பொம்மையை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுக்கும் முறைதான் அவருடைய ஆசை. இருந்த ஆட்களையும் நேரத்தையும் வைத்து அது நடக்காது என்று தெரிந்ததும் ஆளுக்கு உடை மாட்டும் வழிக்கு வந்தார்கள். உடையின் எடை சுமார் 100 கிலோ. முதலில் செய்தது நடக்கவே முடியாத அளவுக்கு விறைப்பாக இருந்ததால் அதை இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரியும் ஷாட்டுகளுக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது உடைக்குள் பெரும்பாலும் இருந்தவர் ஹருவோ நகஜிமா. ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. கேமராவை வேகமாக ஓடவிட்டு எடுத்ததால் திரையில் எல்லாம் மெதுவாக நடக்கும். கட்டடம் சரிவதில் ஒரு கனம் வரும். நகரத்தை 25இல் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். அன்றைய டோக்கியோவில் கட்டடங்களை 31 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆக, எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் கூரைகளுக்கு மேலே அது தெரியும். இன்றைய அமெரிக்கப் படங்களில் பிராணி 100 மீட்டரைத் தாண்டிவிட்டது, ஆனால் சுற்றிலும் அதைவிட உயரமான கட்டடங்கள். 1954 படத்தில் நகரத்தின் கட்டடங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும்விடப் பெரியது அதுதான்.

அதன் தோலைக் கவனியுங்கள். பல்லிக்கோ முதலைக்கோ இருப்பதுபோலச் செதில் இல்லை. முடிச்சு முடிச்சாக, சுருங்கி, வெந்து ஆறிய தழும்புபோல இருக்கும். குண்டில் தப்பியவர்களின் உடம்பில் அப்படிப்பட்ட தழும்புகளைப் பார்த்த ஜனங்கள்தான் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். காட்ஸில்லா அந்தக் குண்டால் பாதிக்கப்பட்டதும்கூட. அதனால்தான் யமானேக்கு அதைக் கொல்ல மனம் வரவில்லை. இவ்வளவு கதிரியக்கத்தைத் தாங்கி ஒரு உயிர் எப்படிப் பிழைத்தது என்று ஆராய வேண்டும் என்கிறார். தகாஷி ஷிமுரா அந்த வேடத்தைச் செய்திருக்கிறார், அதே வருடம் 'ஏழு சாமுராய்' படத்தில் தலைவராக வந்தவர். இருட்டு அறையில் விளக்கைப் போடாமல் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு ஷாட் போதும், அந்த மனிதருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒலிக்கும் தனியாகக் காது கொடுங்கள். படம் ஆரம்பிக்கும்போது திரையில் எழுத்துகள் மட்டும். பின்னால் கனமான காலடிச் சத்தம், அப்புறம் அந்த உறுமல். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து, பதிவான சத்தத்தின் வேகத்தை மாற்றிச் செய்தது அது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. இன்று காட்ஸில்லாவின் தீம் என்று உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் அந்த அணிவகுப்பு இசை, இந்தப் படத்தில் மனிதர்களுடைய இசை. தொடக்க எழுத்துகளை விட்டால், ராணுவம் கிளம்பும்போதுதான் வரும். காட்ஸில்லா டோக்கியோவைக் கொளுத்தும் நேரத்தில் நீண்ட இடங்களில் இசையே இருக்காது, காலடியும் நெருப்பும் மட்டும்தான். எனவே தயவுசெய்து போனில் பார்க்க வேண்டாம். இருட்டு அறை, நல்ல ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கர். இரவுக் காட்சிகள் மிகவும் கறுப்பாக எடுக்கப்பட்டவை, ஜன்னல் வெளிச்சம் இருந்தால் பாதி தெரியாது. சீரமைக்கப்பட்ட பிரதி கிடைக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள்.

அந்த இரவில் இரண்டு இடங்கள் முதல்முறை பார்ப்பவர்களை உலுக்கிவிடும். ஒன்று, கோபுரத்தின் மேல் நின்று நேரடி ஒலிபரப்பு செய்யும் நிருபர். காட்ஸில்லா அந்தக் கோபுரத்தைப் பிடிக்கும் வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறார், கடைசியில் விடைபெறும் வார்த்தையையும் சொல்லிவிட்டு. இன்னொன்று, டோக்கியோவின் கடைவீதிப் பகுதியான கின்ஸாவில் ஒரு கட்டடத்தின் ஓரத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். ஓட முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்பாகிட்டப் போயிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். அப்பா எங்கே என்று படம் விளக்கவில்லை. 1954இல் யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததும் இல்லை.

என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இந்த இரவுகூட இல்லை, மறுநாள் காலை. வேறு எந்தப் பிராணிப் படமாக இருந்தாலும் இடிபாடுகளை ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த தாக்குதலுக்குப் போயிருக்கும். ஹோண்டா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். நடைபாதை முழுக்க ஆட்கள். ஒரு குழந்தையின் பக்கத்தில் கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் கருவியைக் கொண்டுபோகிறார் டாக்டர், கருவி இரைகிறது, அங்கே நிற்கும் யமானேயின் மகள் எமிகோவைப் பார்த்து அவர் தலையை ஆட்டுகிறார். குழந்தைக்கு வெளியே ஒரு காயமும் இல்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது இன்னொரு பிள்ளை கத்தி அழுகிறது. கேமரா அவசரப்படவே இல்லை. ஹிரோஷிமா ஆஸ்பத்திரிகளின் படங்களைப் பார்த்திருக்கிற எவருக்கும் இங்கே காட்ஸில்லா மறந்துபோகும்.

கதையில் எமிகோ, அவள் விரும்பும் ஒகாதா, அவளுக்கு நிச்சயித்த விஞ்ஞானி செரிசாவா என்று ஒரு முக்கோணம் இருக்கிறது. ஒகாதா, எமிகோ பகுதி வலுவில்லாதது, அதைச் சகித்துக்கொள்ளுங்கள். செரிசாவாதான் முக்கியம். போரில் ஒரு கண்ணை இழந்தவர், நிலவறை ஆய்வகத்தில் தனியாக வேலை செய்கிறவர். காட்ஸில்லாவைக் கொல்லக்கூடிய ஒன்றை அவர் தற்செயலாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதை ஒருமுறை பயன்படுத்தினாலே உலகத்து அரசியல்வாதிகள் ஆயுதமாக்கிவிடுவார்கள் என்று வெளியே எடுக்க மறுக்கிறார். மீன் தொட்டியில் அவர் அதை எமிகோவுக்குக் காட்டும்போது முதலில் நமக்குக் காட்டப்படுவது அவள் முகமும் அலறலும்தான்; தொட்டியில் நடந்தது என்ன என்று வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். கண்டுபிடித்தவன் தன் கண்டுபிடிப்புக்கு எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கேள்வியைப் படம் அவர் தலையில் வைக்கிறது. அவர் என்ன முடிவெடுக்கிறார் என்று சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள். ராணுவம் சுட்டுத் தள்ளி ஜெயித்துக் கைதட்டல் வாங்கும் முடிவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஜப்பானின் தற்காப்புப் படை அந்த வருடம் ஜூலையில்தான் உருவானது. படத்தில் அவர்கள் 30 மீட்டர் உயரத்துக்கு மின்வேலி கட்டி 50,000 வோல்ட் பாய்ச்சுகிறார்கள். மின்கோபுரங்கள் காட்ஸில்லாவின் மூச்சில் உருகி வழிகின்றன. அந்தக் கோபுரங்களை மெழுகில் செய்திருந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் அரைமணியில் தகவல் சொல்லும் காட்சிகள் அதிகம். ஜுராசிக் காலம் 20 லட்சம் வருடத்துக்கு முந்தியது என்று யமானே சொல்வது அபத்தம், சரியான கணக்கு பதினான்கு கோடி வருடத்துக்கும் மேல். எமிகோவுக்கு அழுவதைத் தவிர இன்னும் வேலை கொடுத்திருக்கலாம். இதற்காகவெல்லாம் படத்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மின்வேலி வரும் வரைக்கும் பொறுத்துப் பார்த்தால் அதற்குப் பிறகு நிறுத்த உங்களுக்கே மனம் வராது.

பார்த்து முடித்த பிறகு, ஆர்வம் இருந்தால் 1956 அமெரிக்கப் பதிப்பைப் பாருங்கள், எதையெல்லாம் வெட்டினார்கள் என்று ஒப்பிடுவதற்காக. 1955இல் அவசரமாக எடுத்த இரண்டாவது படத்தை விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக நீங்கள் ஏற்கெனவே பார்த்த 'மைனஸ் ஒன்' படத்தையே இன்னொரு தடவை போடுங்கள். அதில் கின்ஸா தாக்குதலின்போது மாடியில் நின்று ஒலிபரப்பிக்கொண்டே கட்டடத்தோடு விழுகிற ஆட்களை முதல் தடவை சாதாரணமாகக் கடந்து போயிருப்பீர்கள். இந்தத் தடவை அவர்கள் எந்தப் படத்திலிருந்து வந்தவர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.